எரிமலைத் தீவு கண்ட ஹியூம் பெரியார்

காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் யார் என்று வினவினால், நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளி செல்லும் சிறுவனும் ஏ. ஓ. ஹியூம் என்று தயங்காமல் விடை பகர்வான். அப்பெயருக்கு உரியவர் எத்தன்மையர், எங்கே உத்தியோகம் பார்த்தார், எதனைத் தேடினார், எதனை இழந்தார் என்று அடுத்து வினவினால், சிறுவர் மட்டுமல்லர், அவர்களுக்குப் பாடஞ் சொல்லும் பெரியவர்களும் மௌனமாகி விடுவர். அம்மௌனத்தை ஒருவாறு நீக்கும் பொருட்டே இவ்வியாசம் எழுதப்படுகின்றது.

நாம் ஹியூம் துரையை அரசியல்வாதியாகவே அறிவோம். அவர் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் அவரை அறிந்ததோ பிறிதொரு வகையில். இந்திய தேசத்துப் பறவைகளைப் பற்றி அவரினும் மிகுதியாக அறிந்தவரைக் காண்டல் அந்நாளில் அரிது. வங்காள விரிகுடாவின் நடுவே, மனிதர் குடியேறாத இரண்டு எரிமலைத் தீவுகளை 1873ஆம் ஆண்டிலே கப்பலேறிச் சென்று கண்டவர் அவர். அவற்றுள் ஒன்றிலன்றி உலகில் வேறெங்குங் காணப்படாத ஒரு பறவையினத்தை அறிவுலகிற்கு முதன்முதல் விவரித்து எழுதியவரும் அவரே.

செய்யாற்றங்கரையிலே தறிக்குழியிற் காலை வைத்து வாழும் நமக்குக் கடலும் தூரம், எரிமலையும் தூரம். பறவை தூரமன்று. வேடந்தாங்கல் ஏரி நம் ஊரிலிருந்து ஒரு நாளிற் போய்த் திரும்பும் தொலைவிலுள்ளது. அங்குக் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் எவரும் சுடலாகாதென்று அவ்வூர்க் குடியானவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் உரிமை பெற்றுக் காத்து வந்தனர். பறவையைச் சுட்டுச் சேர்த்தவரின் சரித்திரத்தைப் படிக்கப் புகுமுன், பறவையைச் சுடாமற் காத்தவர்கள் நம் அண்டையிலேயே இருந்தார்கள் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஹியூம் ஸ்காட்லாந்து தேசத்தவர். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நெடுங்காலம் அங்கத்தினராயிருந்து, சர்க்கார் செலவினங்களை ஒவ்வொரு காசாகக் கணக்குக் கேட்டு மந்திரிகளைத் திணறடித்த சீர்திருத்தவாதி. கணக்கிற் பிடிவாதமும், அதிகாரத்திற்கு அஞ்சாமையும் மகனுக்குப் பிதிரார்ஜிதமாக வந்தன என்றே கொள்ளலாம். ஹெய்லிபரி என்னுமிடத்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கல்லூரியிற் படித்து, இலண்டனில் வைத்தியமும் சத்திர சிகிச்சையும் சிறிது பயின்று, 1849இல் வங்காள சிவில் உத்தியோகத்தில் அமர்ந்து இந்தியா வந்தார். அப்பொழுது வயது இருபது.

சில ஆண்டுகளில் ஆக்ராவுக்குக் கிழக்கே யமுனைக் கரையை அடுத்த எட்டாவா ஜில்லாவின் அதிகாரியானார். அங்கே அவர் முதலிற் செய்தது இலவசப் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தியதாகும். 1857க்குள் 181 பள்ளிகளும் 5,186 மாணவர்களும் இருந்தனராம். அவருள் பெண் குழந்தைகள் இருவர். இரண்டே இரண்டுதானா என்று நம் வீட்டுத் தாய்மார்கள் நகைக்கக்கூடும். அக்காலத்தில் அவ்விருவரும் வந்ததே பெரிது.

அவ்வாண்டிலேயே சிப்பாய்களின் பெருங்கிளர்ச்சி மூண்டது. ஹியூம் எட்டாவாவை விட்டு ஆக்ராக் கோட்டையில் மாதக்கணக்காகத் தங்க நேர்ந்தது. பின்னர் மீண்டு வந்து போரிலும் ஈடுபட்டார். கிளர்ச்சி அடங்கியபின் அண்டை ஜில்லாக்களில் மரந்தோறும் மனிதர் தொங்கிய காலத்திலே, அவர் விசாரணை செய்து தூக்கிலிட்டவர் எழுவர் மட்டுமே என்பர். எழுவரும் உயிரே, அதனை மறைத்துப் புகழ்தல் தகாது. ஆயினும் பழிவாங்கும் வெறி தலைக்கேறியிருந்த ஒரு கூட்டத்தின் நடுவே கையை மடக்கிக்கொண்டவர் அவர் என்பதும் சரித்திரமே. ஜனங்கள் ஏன் கலகஞ் செய்தனர் என்ற கேள்வி அன்று முதல் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கள், சாராய வருமானத்தைச் சர்க்கார் நாடுதல் பாவமென்று மேலதிகாரிகளுக்கே எழுதினார். மதுவிலக்கைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களிற் பேசுவோர் இதனையும் அறிதல் வேண்டும்.

1867 முதல் 1870 வரை அவருக்கு வாய்த்தது விசித்திரமான ஓர் உத்தியோகம். உப்பு வரியைத் தப்பவிடாதபடி, சிந்து நதியிலிருந்து மகாநதிப் பக்கம் வரையில் 2,300 மைல் நீளத்திற்குச் சுங்க எல்லை ஒன்று இருந்தது. அதன் பெரும்பகுதி முள்வேலி. ஏறக்குறைய 12,000 பேர் அதனைக் காவல் காத்தனர். அவ்வேலிக்கு ஹியூம் கமிஷனர். காய்ந்த முள்ளைக் குவித்து வைத்தாற் செல்லும் கரையானும் அரித்துவிடுமென்று கண்டு, உயிருள்ள செடிகளை நட்டு வளர்ப்பித்தார். ஏழையின் உப்புக்கு வேலி கட்டிய அதே கையினால்தான் பிற்காலத்தில் ஏழையின் குறையைச் சொல்ல ஒரு சபையும் கட்டப்பட்டது. மனித வாழ்வு நேர்க்கோடாகச் செல்வதில்லை.

1871இல் இராஜப்பிரதிநிதியாயிருந்த மேயோ பிரபு வருமானம், விவசாயம், வர்த்தகம் என்னும் மூன்றுக்கும் சேர்த்து ஒரு புதிய இலாகாவை நிறுவி ஹியூமை அதன் காரியதரிசியாக்கினார். இந்தியக் குடியானவனின் நிலத்தை வளப்படுத்தவேண்டுமென்று இருவரும் ஒருமனதாக நினைத்தனர். மறு ஆண்டு, 1872 பிப்ரவரி 8ஆம் தேதி, அந்தமான் தீவிலுள்ள போர்ட் பிளேர் கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட்டுத் திரும்பிப் படகேறும் வேளையில், ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு மேயோ இரையானார். தம் எண்ணத்திற்கு ஆதரவாயிருந்த தலைவர் மாண்ட அத்தீவுக்கடலுக்கே, அடுத்த ஆண்டு ஹியூம் பறவை தேடிச் சென்றார்.

பறவையில் அவருக்கு நாட்டம் இளமையிலேயே உண்டு. எட்டாவாவிற் சேர்த்த பறவைத் தோல்கள் கிளர்ச்சியில் அழிந்தன. அவர் சோர்ந்துவிடாமல் மீண்டுந் தொடங்கினார். ஒருவர் தனியே இத்துணைப் பெரிய தேசத்தைச் சுற்றிப் பார்த்தல் இயலாதென்று உணர்ந்து அவர் கண்ட உபாயமே இங்குக் கவனிக்கத்தக்கது. இரயில் பாதை போடும் இஞ்சினீயர், வன இலாகா அதிகாரி, பட்டாள வைத்தியர், தோட்டக்காரர், மிஷனரி என்று, எந்த மூலையில் எவருக்குப் பறவைமேல் சிறிது ஆசை இருப்பினும் அவருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் இன்ன பறவை எந்த மாதம் வருகின்றது, எந்த மரத்திற் கூடு கட்டுகின்றது, எத்தனை முட்டையிடுகின்றது என்று வினவினார். விடைகள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. அவற்றை வெளியிடுவதற்கென்றே 1872இல் ஸ்ட்ரே பெதர்ஸ், அதாவது உதிர்ந்த இறகுகள், என்ற பெயரால் ஒரு சஞ்சிகையைத் தம் செலவிலே தொடங்கினார். ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத நூறு பேர், அச்சஞ்சிகையின் தாள்களிலே ஒரு குடும்பமாயினர். சங்கமும் பத்திரிகையும் நடத்தும் நாம் இதன் அருமையை எளிதில் உணரலாம்.

இனி யாத்திரைக்கு வருவோம். 1873 மார்ச்சு மாதத்தில் கல்கத்தாவிலிருந்து ஸ்கோஷியா என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. இந்நாளில் நீலக்கடலைக் கிழித்துச் செல்லும் மாளிகை போன்ற கப்பல்களோடு ஒப்பிட்டால் அது சிறியதே. ஹியூமுடன் சென்றவர்கள் சாமானியரல்லர். மண்ணூல் வல்ல ஸ்டோலிக்ஸ்கா, வாலண்டைன் பால், வௌவாலினங்களை ஆராய்ந்த டாப்சன் வைத்தியர், கல்கத்தாப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த வுட்மேசன் ஆகியோர் அக்கப்பலிற் கூடினர். இவருள் ஸ்டோலிக்ஸ்கா நம் நாட்டிற்கு வேண்டியவர். அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்து நிலத்திற் புதைந்து கல்லாகிக் கிடக்கும் பண்டைக் கடல்வாழ் சிப்பி, நத்தை முதலியவற்றை ஆராய்ந்து பெருநூல்கள் எழுதிய பேரறிஞர். அரியலூர் ஒருகாலத்தில் கடலடியில் இருந்ததென்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அவர் போன்றார் உழைப்பின் பயனே. இந்த யாத்திரைக்கு மறு ஆண்டிலேயே, யார்க்கண்டு சென்று இமயத்துக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியில், மலையுச்சியின் மெல்லிய காற்றுத் தாங்காமல் லடாக்கிலே அவர் உயிர் நீத்தார்.

அந்தமானிலும் நிக்கோபாரிலும் கப்பல் நின்று நின்று சென்றது. நிக்கோபார் நமக்குப் புதிய பெயரன்று. இராஜேந்திர சோழன் வென்ற நாடுகளின் வரிசையில் மாநக்கவாரம் என்று கல்வெட்டிற் காணப்படுவது அதுவே. அங்கே ஒரு பறவை உண்டு. உருவிற் கோழியளவினது. தன் முட்டையின் மேல் தான் அமர்ந்து அடைகாப்பதில்லை. கடற்கரையோரத்தில் மண்ணையும் சருகையும் ஆளுயரத்திற்குக்கூடக் குவித்து அதனுள் முட்டையிட்டு விடும். சருகு மக்குஞ் சூட்டிலேயே குஞ்சு பொரிந்து, மண்ணைக் கிழித்துக்கொண்டு தானே வெளிவரும்.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அத்துறையிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 85 மைல் தூரத்திற் கடலினின்றும் எழுந்து நிற்பது பேரன் தீவு. பேரன் என்பது ஆங்கிலத்திலே வறண்டது, ஒன்றும் விளையாதது என்று பொருள்படும். நம் பேரன், பேத்தி உறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சிறுவர்களுக்குச் சொல்லிவைக்கலாம். கடலடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து கிளம்பிய ஒரு மலையின் முடியே அத்தீவு. வெளியே கோட்டை மதில் போல ஒரு வட்டமான மலை. அம்மதில் ஒரு பக்கம் மட்டும் இடிந்து கடலுக்கு வாயில் விட்டிருக்கும். நடுவே, கவிழ்த்த கூடை போலச் சாம்பலும் கருங்கல்லும் குவிந்த கூம்பு. அது நெருப்புக் கக்கியதை 1787இல் மாலுமிகள் கண்டு எழுதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பொங்கியது. பின்னர் அடங்கிற்று. ஹியூம் சென்ற காலத்தில் அது உறங்கிக் கொண்டிருந்தது. உச்சியில் ஆவியும் கந்தக நாற்றமும், கரையிறங்கும் துறையில் பாறையிடுக்கிற் கசியும் வெந்நீருமே உள்ளே நெருப்பு அவியவில்லை என்பதற்குச் சாட்சி. நெடுங்காலம் உறங்கிய அம்மலை 1991இல் விழித்தது. அதன் பின்னும் பன்முறை பொங்கியுள்ளது. தெற்காசியாவில் உயிருடன் உள்ள எரிமலை அஃது ஒன்றே.

மற்றைத் தீவு நார்க்கொண்டம். அது மேலும் வடக்கே, துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 160 மைல். அதன் பெயர் நரககுண்டம் என்பதன் திரிபென்றும், நெருப்புக் கக்கும் தீவுக்கு உரிய பெயர் மாலுமிகளின் மயக்கத்தால் இடம் மாறி இதற்கு வந்துவிட்டதென்றும் சிலர் கருதுவர். அது பொருந்துவதே. ஏனெனில் நார்க்கொண்டத்தைக் கண்டவர் எவரும் நரகம் என்று சொல்லத் துணியார். 2,330 அடி உயரம் எழுந்த பழைய எரிமலை; மனிதர் எழுதிவைத்த காலத்திற்குள் அது பொங்கியதாகச் செய்தி இல்லை. அடி முதல் முடி வரை வானளாவிய மரங்கள் மூடியிருக்க, மேகம் உச்சியிற் படிந்திருக்கும். தீவின் பரப்போ மூன்று சதுர மைலுக்குங் குறைவு. நம் பக்கத்துப் பெரிய ஏரி ஒன்றையும் அதன் ஆயக்கட்டையும் சேர்த்தால் அவ்வளவிற்கு வந்துவிடும்.

அச்சிறு நிலத்திலேதான் நார்க்கொண்டம் இருவாட்சி வாழ்கின்றது. இருவாட்சிப் பறவையை ஆனைமலை, வால்பாறைப் பக்கம் சென்றோர் கண்டிருக்கலாம். வளைந்த பெரிய அலகும், பறக்கையில் நீராவி இயந்திரம் மூச்சு விடுவது போன்ற சிறகொலியும் உடையது. நார்க்கொண்டத்தில் உள்ளது அதனினுஞ் சிறியது. ஆண் பறவைக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்ணுக்கு அவ்விடமும் கறுப்பு. இரண்டுக்கும் வால் தூய வெண்மை. பல நூறு மைல் நீண்டு கிடக்கும் அந்தமான் தீவுகளில் இருவாட்சியே கிடையாது. பர்மாக் கரையிலே இதன் உறவினங்கள் உண்டு. இடையிலுள்ள கடலைத் தாண்டி என்றோ வந்த சில பறவைகள், பெருந்தீவுகளை எல்லாம் விட்டு இப்புள்ளியளவு நிலத்திலே தங்கிப் பெருகித் தனியினமாகிவிட்டன. 1873இல் இதனைத் தம் சஞ்சிகையில் ஹியூம் விவரித்து எழுதினார். அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், 1835இல், பீகிள் என்னும் கப்பலிற் சென்ற டார்வின் என்னும் அறிஞர் தென்னமெரிக்காவுக்கு மேற்கேயுள்ள காலபகோஸ் எரிமலைத் தீவுகளில், தீவுக்குத் தீவு வேறுபடும் பறவைகளைக் கண்டு எழுப்பிய கேள்வியும் இவ்வகைப்பட்டதே. அக்கேள்வி உலகையே புரட்டியது. ஹியூம் அவ்வளவு ஆழம் போகவில்லை. அவர் தொகுப்பவர், தத்துவம் செய்பவர் அல்லர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டுதல் கூடாது. அக்காலத்திற் பறவையை அறிதல் என்றால் சுடுதல் என்றே பொருள். தோலை உரித்து, பஞ்சு திணித்து, சீட்டுக் கட்டி வைத்தால்தான் பிறர் ஒப்புக்கொள்வர். இருவாட்சிகள் இணை சேர்ந்து கூடு வைப்பது பிப்ரவரி முதல் மே வரை. பெண் பறவை ஒரு மரப்பொந்தினுட் புகுந்து, வாயிலை எச்சத்தாலும் பழச்சதையாலும் பூசி, அலகு நீட்டும் அளவு கீறல் மட்டும் விட்டு, உள்ளேயே சிறை இருக்கும். முட்டையிட்டுக் குஞ்சு வளருங்காறும் ஆண் பறவையே அத்திப்பழத்தைக் கொணர்ந்து அக்கீறல் வழியே ஊட்டும். ஸ்கோஷியாக் கப்பல் கடலிலிருந்தது அந்தப் பருவத்திலேயே. ஆண் பறவை ஒன்று சுடப்பட்டால் எங்கோ ஒரு பொந்தினுள்ளே தாயும் குஞ்சும் காத்திருந்து வாடும் என்பதை இன்று நாம் அறிவோம். அன்று அதனை எண்ணியோர் சிலரே. ஹியூம் பின்னாளில் எண்ணினார். அதனைக் கீழே கூறுவோம்.

1875இல் இன்னொரு கடல் யாத்திரையாக, கிளைடு என்னும் அளவைக் கப்பலில் இலட்சத் தீவுகளுக்குச் சென்றார். கலங்கரை விளக்கங்களுக்கு இடம் பார்ப்பதே அக்கப்பலின் வேலை. அவை பவழத் தீவுகளாதலின் இங்கு விரிக்கவில்லை.

நாடெங்குஞ் சேர்த்த தோல்களும் முட்டைகளும் சிம்லாவில் ஜக்கோ மலைமேல் அவர் வாங்கிய ராத்னி மாளிகையில் நிறைந்தன. மாளிகையின் ஒரு பகுதியையே பொருட்காட்சிசாலையாக்கினார். சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் அதற்கே சென்றது. ஆனால் உத்தியோக வாழ்வு இறங்குமுகமாயிற்று. இந்திய விவசாயச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்ட 1879இலேயே, லிட்டன் பிரபுவின் ஆட்சியில் காரியதரிசிப் பதவியினின்றும் நீக்கப்பட்டு, அலகாபாத்திலே தாழ்ந்த வேலைக்கு அனுப்பப்பட்டார். மேலோர் கருத்தறிந்து பேசாமல் தம் கருத்தையே ஒளியாமல் பேசியது அவர் செய்த குற்றம். 1882இல் வேலையை விட்டார்.

வேலை போனதை அவர் பொறுத்தார். அதற்கடுத்து வந்ததே பேரிடி. இந்தியப் பறவைகள் யாவற்றையும் குறித்து ஒரு பெருநூல் எழுத இருபத்தைந்து ஆண்டுகளாகக் குறிப்புத் திரட்டி வைத்திருந்தார். எழுநூறு பறவையினங்களின் வாழ்க்கை வரலாறு கையெழுத்துப் பிரதியாக முற்றியும் முற்றாமலும் இருந்தது. அவர் சிம்லாவில் இல்லாத காலத்தில், ஒரு வேலையாள் பொருட்காட்சிசாலையை உடைத்துட்புகுந்து அத்தாள்களை மூட்டை கட்டிக் கடைத்தெருவிலே கழிவுக் காகிதமாக எடைக்கு விற்றுவிட்டான். சிறு சிறு துண்டுச் சீட்டுகளை அவன் தொடவில்லை. எடை நிற்கும் முழுத்தாள்களை மட்டுமே எடுத்தான். களவு பல மாதங்கள் கழித்தே தெரிய வந்தது. அதற்குள் மீட்கக் கூடியது சிறிதே.

நெசவாளராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நெய்து முடித்த சேலையைத் தறியினின்றும் அறுத்துக் கொண்டுபோய், கீழே சிதறிய நூல் துணுக்குகளை மட்டும் விட்டுச் சென்றாற்போல. நம் வீடுகளிலும் பாட்டன்மார் எழுதிய பாவுக் கணக்கும், சாயப் பக்குவமும், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பும் அடங்கிய கணக்குப் புத்தகங்கள் வெள்ளையடிக்கும் நாளிலே பழைய காகிதக்காரனுக்குப் போவது உண்டு. அதனைக் கண்டவன் யான். விலை என்ன கிடைத்தது என்று கேட்டேன். ஒரு வேளைக் காய்கறிக்கும் போதாது.

அக்களவுக்குப் பின் ஹியூமின் கை பறவை நூலில் எழவில்லை. தம் சேகரம் முழுவதையும் இலண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்கு இனாமாக வழங்க முன்வந்தார். 1885இல் ஷார்ப் என்னும் அறிஞர் சிம்லாவுக்கு வந்து கட்டி எடுத்துச் சென்றார். தேவதாரு மரத்தாற் செய்த பெட்டிகள் 47. ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு நெருங்கிய எடை. பறவைத் தோல்களும் முட்டைகளுமாக ஏறக்குறைய 82,000 பொருள்கள். பூச்சி அரித்தமையாற் பல்லாயிரம் முன்பே அழிக்கப்பட்டன. ஒருவர் சேர்த்த பறவைச் சேகரங்களுள் இத்துணைப் பெரியது அதற்குமுன் அங்குச் சென்றதில்லை. ஒரு காசும் அவர் பெறவில்லை.

அவர் மனமும் இதற்குள் மாறியிருந்தது. பிரம்மஞான சங்கத்தாருடன் சில ஆண்டுகள் பழகினார். பின் அவர்களுடன் முரணி விலகினார். பழக்கம் விட்டாலும் ஒன்று நிலைத்தது. புலால் உண்பதை விட்டார். பறவையைச் சுடுவதையும் விட்டார். ஆயிரமாயிரம் உயிரைச் சுட்டபின் வந்த ஞானம் என்று எள்ளுவோர் எள்ளுக. வாராமற் போயிருக்கவும் கூடுமே.

பெட்டிகள் இலண்டனுக்குப் போன அதே 1885ஆம் ஆண்டிலேதான் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. இஃது யதேச்சையாக நேர்ந்தது என்று யான் கருதவில்லை. 1883இல் கல்கத்தா சர்வகலாசாலைப் பட்டதாரிகளுக்கு அவர் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதி, தன்னலம் துறந்து தேசத்துக்கு உழைக்க ஐம்பது பேர் முன்வந்தாற் போதும் என்னும் கருத்தை வெளியிட்டார். பின்னர்ச் சென்னை, பம்பாய், கல்கத்தா, பூனா என்று ஊர் ஊராகக் கடிதம் பறந்தது. பறவைக்காக மூலைமுடுக்கிலுள்ளோரைக் கடிதத்தாற் பிணைத்தவர், அப்பழக்கத்தையே தேச காரியத்துக்குத் திருப்பினார் என்பதே என் துணிபு. உத்தியோக வர்க்கத்தாருக்குக் கட்டளையிடத் தெரியும்; இவருக்குக் கேள்வி கேட்டு விடை வாங்கத் தெரிந்திருந்தது. ஜனங்களின் கொதிப்பு வெடிக்காதபடி ஆவி போக்கவே சபையை அமைத்தார் என்று குறை கூறுவாரும் உளர். 1857ஐக் கண்ட மனிதருக்கு அவ்வச்சமும் இருந்திருக்கும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சம் ஒன்றே ஒருவரை முதுமை வரை உழைக்கச் செய்யாது.

முதற்கூட்டம் பூனாவில் நடப்பதாயிருந்து, அங்கு வாந்திபேதி பரவியமையாற் பம்பாய்க்கு மாற்றப்பட்டு, டிசம்பர் 28ஆம் தேதி கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் கூடிற்று. வந்தோர் 72 பேர், தலைவர் பானர்ஜி. முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம் தமிழ்நாட்டு ஜி. சுப்பிரமணிய ஐயர். 1887இல் மூன்றாம் மகாசபை சென்னையிற் கூடிய பொழுது செலவுக்குப் பணம் திரட்டிய வகை நம் சங்கத்தார்க்கு இனிக்கும். ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்கள் மட்டும் 8,000 பேர். அவர்கள் கொடுத்த தொகை 5,500 ரூபாய். ஹியூம் பொதுக் காரியதரிசியாயிருந்து இராப்பகலாய் உழைத்தார். தம் கைப்பணத்தையும் செலவிட்டார். சர்க்காரின் சினத்துக்கும் ஆளானார். சிற்சில வேளை அவர் எழுத்தின் கடுமை காங்கிரஸ்காரர்களையே கலங்கச் செய்ததுமுண்டு.

1890இல் மனைவியார் காலமானார். 1894இல் இந்தியாவை விட்டு இலண்டனுக்குச் சென்று நார்வுட் பகுதியில் வாழ்ந்தார். முதுமையில் அவர் கைக்கொண்டது தாவர நூல். பறவையைச் சுடவேண்டும், செடியைக் கொய்தாற் போதும். ஏழைத் தொழிலாளரும் வந்து தாவர நூல் கற்கும்படி தென் இலண்டன் தாவரவியல் நிலையம் என்னும் ஒன்றை 1910இல் தம் பொருளைக் கொண்டு ஏற்படுத்தினார். அது இன்றும் உள்ளது. 1912 ஜூலை 31ஆம் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில் உயிர் துறந்தார். செய்தி எட்டியதும் எட்டாவாவிலே கடைத்தெரு முழுதும் அடைக்கப்பட்டது. அவர் அவ்வூரை விட்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. 1973இல் இந்திய சர்க்கார் அவர் உருவப்படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

தீவுகளின் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இக்காலத்திற் பேரன் தீவை, அனுமதி பெற்று, கடலிலே படகிலிருந்தபடியே பார்க்கலாம், கரையிறங்கலாகாது. நார்க்கொண்டம் பறவைச் சரணாலயமாகக் காக்கப்படுகின்றது. ஆயினும் 1969இல் அங்கே ஒரு போலீஸ் காவல் நிலையம் அமைந்தபின், காவலர் உணவுக்கெனக் கொண்டு விட்ட ஆடுகள் பெருகி இளமரக் கன்றுகளை மேய்ந்து அழித்தன. பின்னர் மிகுந்த பாடுபட்டு அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. கடலோரக் காவற்படை அங்கு ராடார் நிறுவக் கேட்டபொழுது, 2012இல் இப்பறவையை முன்னிட்டே சுற்றுச்சூழல் மந்திரியாயிருந்த ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014இல் அடுத்து வந்த சர்க்கார் அனுமதித்தது. நாட்டின் காவலும் வேண்டும், பறவையும் வேண்டும் என்ற இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. 2020இல் அறிஞர்கள் எண்ணிய வகையில் தீவிலுள்ள இருவாட்சிகள் ஏறக்குறைய ஆயிரம். ஒரு பெருங்காற்று, ஒரு காட்டுத்தீ போதும். உலகில் அவ்வினத்துக்கு வேறு புகலிடம் இல்லை.

ஹியூம் சேர்த்த பறவைத் தோல்கள் இப்பொழுது இலண்டனுக்கு வடக்கே டிரிங் என்னும் ஊரில் பொருட்காட்சிசாலையாரின் இழுப்பறைகளில் உள்ளன. அவர் கட்டிய சீட்டுகளும் கால்களில் உள்ளன. நார்க்கொண்டத்திலே ஆண்டுதோறும் மாசி மாதத்தில் இருவாட்சிப் பெண் பறவைகள் பொந்தினுட் புகுந்து வாயிலைப் பூசிக்கொள்கின்றன. ஆண் பறவைகள் அத்திமரத்துக்கும் பொந்துக்குமாக நாள் முழுதும் பறக்கின்றன.